பதினோராவது தட்டு

1

அக்காவின் குரல் செய்தி வந்தபோது என் முன்னால் மூன்று கண்ணாடிக் கோப்பைகள் இருந்தன. மூன்றிலும் சிவப்பு வைன். ஆனால் ஒரே சிவப்பு இல்லை.

முதலாவது கிரனாஷ் திராட்சை. வியர்வையில் கரைந்த குங்குமத்தின் நிறம். மூக்கருகே கொண்டுபோனால் ரோஜாவும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும். இரண்டாவது ஷிராஸ். கறுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்ட சிவப்பு. மிளகு, சதைப்பற்று, கொஞ்சம் கர்வம். மூன்றாவது மட்டாரோ. தனியாகக் குடித்தால் முகம் சுளிக்கும். ஈர மண்ணும் பழைய தோல்பையும் சேர்ந்த முரட்டு வாசம். இந்த மூன்றையும் எந்த அளவில் கலப்பது என்று ருசித்துப் பார்ப்பது வருடத்தில் சில வாரங்கள் என் வேலை. மீதி நாள்களில் பீப்பாய் கழுவுகிறேன், குழாய் இழுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் சுவைக்கூடத்தில் நின்று வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கிறேன். கணக்கியல் படிக்க ஆஸ்திரேலியாவுக்கு வந்தவன் நான். கணக்கு எங்கேயோ போய்விட்டது. பீப்பாய் நின்றுவிட்டது.

வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுக் கைப்பேசியைக் காதில் வைத்தேன்.

"தம்பி, மலருக்குத் தேதி வெச்சாச்சு. மலாக்காவுலதான் மண்டபம். நீ கட்டாயம் வந்துடணும்பா, லீவு கெடைக்கல, விசா வரலன்னு மறுபடியும் கத சொல்லாத. ஆங்... அந்தத் தாய்மாமன் விசயம் ஒன்னு இருக்கு. அது நீ வந்தப்புறம் பேசிக்கலாம்லா. பசியாறிட்டியா?"

அக்கா சரோஜா மலேசியாவில், மலாக்காவை ஒட்டிய பெம்பானில் இருக்கிறாள். மலர் அவளுக்கு ஒரே மகள். நான் அக்காவுக்கு ஒரே தம்பி. மணப்பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது தாய்மாமன் வேலை. ஒரே தம்பி இருக்கும் வீட்டில் இதில் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது?

இருக்கிறது. எனக்கும் தெரியும். அன்றைக்கு மூன்று கோப்பைகளிலும் ஒரே ருசிதான் தெரிந்தது.

2

நான் இருக்கும் இடத்தின் பெயர் மெக்லாரன் வேல். அடிலெய்டு நகருக்குத் தெற்கே, ஒரு பக்கம் தாழ்ந்த மலை, மறுபக்கம் கடல். ("ஊரு பேருலயே வேல் இருக்கு, ஒன்ன ஒன்னும் செய்யாது" என்று அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.) பகலெல்லாம் வெயில் காய்ச்சும். பொழுது சாய்ந்ததும் வளைகுடாவிலிருந்து காற்று ஏறி வந்து கொடிகளின் சூட்டை மெல்ல இறக்கிவைக்கும். அந்தக் காற்றுதான் இங்கத்து வைனின் ருசி என்பார்கள். பழைய கிரனாஷ் கொடிகளுக்குப் பந்தல் கிடையாது. மணலில் தனித்தனியாக, இடுப்பளவு உயரத்தில், கை விரித்த குத்துச்செடிகளாக நிற்கின்றன. எப்போதோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த குச்சிகளின் வாரிசுகள். குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து, பனிமூட்டத்தில் அவற்றைப் பார்த்தால், யாரோ வருவார்கள் என்று காத்து நிற்கும் கூட்டம் போல இருக்கும்.

மாசி, பங்குனியில் அறுவடை. பிழிந்த தோல்கள் கொட்டகைக்குப் பின்னால் குவிந்து புளிக்க ஆரம்பிக்கும். வந்த முதல் வருடம் அந்த வாசம் மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். அது எனக்குத் தெரிந்த புளிப்பு. பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பா பால்மரம் வெட்டிய நாள்களில், சாக்கில் கட்டிவைத்த ஓட்டுப்பாலின், உறைந்து காய்ந்த ரப்பர் பாலின், புளிப்பு. பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறினால் பட்டணத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்களே, அந்தப் புளிப்பு. இங்கே அதே வாசத்துக்குச் சுற்றுலாக்காரர்கள் கண்ணை மூடி "ஆகா" என்கிறார்கள்.

வயதுக்கு வந்த மலருக்குச் சடங்கு வைத்தது அப்படி ஓர் அறுவடைக் காலத்தில். குழந்தையில் அவளுக்குக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார்ந்தாள். பொற்கொல்லர் ஊசியை எடுத்ததும் என் புது வேட்டியை நனைத்தாள். சடங்குக்கும் நான்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும், மாலை போட வேண்டும், சீர் கொண்டுபோக வேண்டும். அப்போது நான் இரண்டு விசாக்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தேன். குடிநுழைவு அலுவலகத்தில் இருந்த பெண் மிகவும் அன்பாகச் சொன்னார்: "நீங்கள் தாராளமாகப் போகலாம். திரும்பி வர முடியாது, அவ்வளவுதான்."

நான் போகவில்லை. கைப்பேசித் திரையில் பார்த்தேன். ஓலைக்குடிசைக்குள் மலர் குனிந்த தலையோடு உட்கார்ந்திருக்க, என் இடத்தில் வாட்டசாட்டமான ஒருவர் வெள்ளி மங்குக் கிண்ணத்திலிருந்து மஞ்சள் தண்ணீரை ஊற்றக் கையைத் தூக்கினார். அந்த நொடியில் படம் உறைந்துவிட்டது. தண்ணீர் அந்தரத்தில் நின்றது. பிறகு தொடர்பே கிடைக்கவில்லை. எனக்குள் அந்தத் தண்ணீர் இன்னும் விழவில்லை.

அவர் பெயர் வீரையா. சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் அத்தானோடு சாரம் கட்டும் வேலை. அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். கூடப்பிறந்தது எல்லாம் அண்ணன்கள். அக்கா தங்கை கிடையாது. அந்த ஒரு நாளுக்காக யாராவது ஒருவர் தாய்மாமனாக நின்றாக வேண்டும் என்றபோது, "நான் நிக்கிறேன்" என்று வந்தவர். அப்புறம் விலகவே இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி மலருக்குப் புடவை. பரீட்சைக்குக் காரில் கொண்டுபோய் விட்டது அவர். காய்ச்சல் என்றால் கிளினிக்குக்கு ஓடியது அவர். எல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும். ஒவ்வொன்றையும் கேட்டு நன்றி என்றுதான் சொன்னேன். நன்றியோடு தொண்டையில் இன்னொன்றும் இறங்கும். மட்டாரோ மாதிரி.

3

அந்த அறுவடையில் பிழிந்த கலவையிலிருந்து ஒரு பாட்டிலை ஒதுக்கி வைத்திருந்தேன். லேபிள் ஒட்டாத பாட்டில். வேலைக்காரர்களுக்குக் கொடுப்பது அப்படித்தான் வரும். மலர் கல்யாணத்தன்று திறக்க வேண்டும் என்று அலமாரியின் அடியில் படுக்கவைத்தேன். வீடு மாறியபோதெல்லாம் அதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

சுவைக்கூடத்தில் எல்லாரும் கேட்கும் கேள்வி, இந்தக் கலவையை எதோடு சாப்பிட வேண்டும் என்பது. நெருப்பில் வாட்டிய ஆட்டுத்தொடை, காளான், முற்றிய பாலாடைக்கட்டி என்று ஒப்பிப்பேன். என் வீட்டில் நான் கண்டுபிடித்தது வேறு. டின் சார்டினை வெங்காயம், காய்ந்த மிளகாய் போட்டுப் பெரட்டி, சுடுசோற்றோடு சாப்பிட்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். மீனுக்குச் சிவப்பு வைன் ஆகாது என்பவர்கள் தக்காளியில் ஊறிய சார்டினைத் தின்றதில்லை. மலாக்காப் போர்த்துகீசியர்களின் கடுகும் காடியும் போட்ட கோழிக் குழம்புக்கும் இது நன்றாகச் சேரும். அசாம் பெடாஸ் மீன்குழம்பு மட்டும் வேண்டாம். அதன் புளியும் இதுவும் சண்டை போடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் சிவந்த ஒரு பெரியவர் வந்து இந்தக் கலவையைக் கேட்டார். ஊற்றினேன். "ஐஸ் இருக்கா?" என்றார். அப்போது என் முகம் போன போக்கைப் பார்த்து முதலாளியம்மா ஜூலி என்னை உள்ளே அனுப்பிவிட்டார். அந்தக் காற்று, அந்த மணல், அந்த வெயில் எல்லாவற்றையும் ஓர் ஐஸ் கட்டியில் மூழ்கடிப்பதா? அன்று மாலை வரை பொருமிக்கொண்டிருந்தேன். வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள். அக்காவிடமும் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

கிளம்பும்போது மனைவிக்கு மருத்துவமனையில் விடுப்பு இல்லை. பத்து வயது மகளுக்குப் பள்ளி முகாம். "கல்யாணத்துக்கு வரலையாம்மா?" என்று மகளிடம் கேட்டேன். "யாரு கல்யாணம்?" என்றாள். மலர் என்றேன். "மலர் யாரு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கோபப்படவில்லை. அவளுக்கு மலரைத் திரையில் மட்டும்தானே காட்டியிருக்கிறேன்.

மலேசியாவில் இறங்கியதும், விமான நிலையத்தில் சுங்க அதிகாரியம்மா அந்த மொட்டைப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, இது என்ன என்று மலாயில் கேட்டார். நானே செய்தது, எங்கள் வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு என்று சொல்ல நினைத்தேன். வாயிலிருந்து வந்தது பாதி மலாய், பாதி ஆங்கிலம், நடுவில் ஒரு "ஆமாங்க". அவர் என் கடப்பிதழைப் பார்த்தார். பிறந்த இடம் மலாக்கா. என்னைப் பார்த்தார். "ரொம்ப நாள் வெளியிலயோ?" என்பதுபோல் ஏதோ சொல்லிச் சிரித்து, பாட்டிலைத் துணியில் சுற்றி அவரே பையில் வைத்தார்.

4

தாமான் குடியிருப்பில் அக்கா வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். பெரிய பாத்திரங்களும் வாழைக்குலையும் சிரப் தண்ணீர் வாசமும். மலர் ஓடி வந்தாள். என் உயரம் இருந்தாள்.

"வாங்க அங்கிள்! ஃபிளைட் ஓகேவா?"

அங்கிள்.

அவள் பின்னாலேயே தோளில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். முன்தலை வழுக்கை, பின்னால் நரை. மலர் திரும்பி, "மாமா, அதை எறக்குங்க, இடுப்பு புடிச்சிக்கும்னு அத்தை திட்டுவாங்க" என்றாள்.

அவரைப் பார்த்ததும் எனக்கு அந்தரத்தில் நின்ற தண்ணீர் ஞாபகம் வந்தது.

"அட, ஆஸ்திரேலியாக்காரரே!" வீரையா நாற்காலிகளைப் போட்டுவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்தார். உள்ளங்கை மரப்பட்டை மாதிரி. "என்ன தம்பி, கங்காருவெல்லாம் சௌக்கியமா?"

"இருக்குண்ணே."

"சாப்பிட்டீங்களா? சைவம்தான், சொல்லிட்டேன். தாலி ஏறுற வரைக்கும் கவுச்சி கெடையாது. சைவ மட்டன் இருக்கு."

சைவ மட்டனை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சீனர் கடையில் வாங்கும் சோயாத் துண்டுகளை, ஆட்டுக்கறி என்றே நம்பி, அதே மசாலாவில் அக்கா பெரட்டியிருந்தாள். ஒரு வாய் வைத்ததும் கண் கலங்கிவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். "வெள்ளக்காரன் நாக்கு ஆயிருச்சு" என்று அத்தான் கூடாரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா என்னைப் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லருகே கூட்டிப்போனாள்.

"இங்க பாரு. ஒறவெல்லாம் ஒரே பேச்சு. ரத்தச் சொந்தம் வந்து நிக்கும்போது எதுக்கு வெளியாளுன்னு கேக்குறாங்க. மலர்கிட்ட கேட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்கம்மாங்கறா. நீ சொல்லு. நாளைக்கு நீதான்னா நீதான். வீரையாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"அவரு என்ன சொல்றாரு?"

"அவரு எங்க பேசறாரு? ரெண்டு நாளா நாற்காலியே தூக்கறாரு."

எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் வேண்டும். இத்தனை வருடக் குளிரில், பனிமூட்டத்தில், அந்த ஒரு கையைப் பிடித்துப் பத்தடி நடப்பதை நினைத்துக்கொண்டுதான் அந்தப் பாட்டிலைத் துடைத்து வைத்திருந்தேன். "நலங்கு முடியட்டும், சொல்றேன்கா" என்றேன்.

5

நலங்கு ஆரம்பிக்கும் நேரத்தில் சுங்கை ஊடாங்கிலிருந்து வேன் வந்தது. தாய்மாமன் சீர்த்தட்டுகள். அங்கே இருக்கும் வீரையாவின் கொழுந்தியாள் ராத்திரி பகலாய் அலங்கரித்தவை: ஆப்பிள் கோபுரம், லட்டு, முறுக்கு, வளையல், புடவையில் செய்த மயில், கண்ணாடித்தாளில் சுற்றி ரிப்பன் கட்டியவை. வீரையா ஒவ்வொன்றையும் குழந்தையைத் தூக்குவதுபோல் இறக்கினார். கடைசித் தட்டை எடுத்தவர் அப்படியே நின்றார்.

வேனில் ஏர்கோன் வேலை செய்யவில்லையாம். சாக்லேட்டால் கட்டிய கோபுரம் உருகிச் சரிந்து, கண்ணாடித்தாளுக்குள் பழுப்புக் குளமாகக் கிடந்தது.

"பத்துதான் தேறும்" என்றாள் யாரோ ஒரு பெண்.

"பத்தா?" வீரையா தட்டுகளை மறுபடி எண்ணிப் பார்த்தார். "பத்து ஆகாதுமா. சீரு ஒத்தப்படையில போகணும். பதினொன்னுதானே சொன்னேன்."

"ஒன்னக் கொறச்சு ஒம்போதாக்கிடலாம்லா" என்றார் அத்தான்.

"எதக் கொறைக்கிறது? சொல்லுங்க, எதக் கொறைக்கிறது?" அவ்வளவு பெரிய மனிதர், உருகிய தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எதைக் குறைப்பது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைக்கு ஆள் அனுப்பலாம் என்றார்கள். எல்லாரும் ஆளுக்கொன்று சொல்லியபடி கலைந்தார்கள்.

நான் அவர் கையிலிருந்து தட்டை வாங்கினேன். இருவரும் வேன் பக்கத்தில் தனியாக நின்றோம்.

"தம்பி, ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க." அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்தார். "அந்தச் சடங்குலேர்ந்து இந்த ஒரு நாளுக்குத்தான் பயந்துக்கிட்டிருந்தேன். நீங்க வந்துடுவீங்களோன்னு பயம். வராம போயிடுவீங்களோன்னும் பயம்."

"வராம போனா ஒங்களுக்கு நல்லதுதானேண்ணே?"

"புள்ள அழுவும்ல. சடங்கன்னிக்கு அழுதுச்சு. தண்ணி ஊத்துனேன், தல நனஞ்சதும் அங்கிள் தெரியறாரான்னு ஃபோனத் தேடுச்சு. லைன் கட்டாயிடுச்சும்மான்னேன். குடிசக்குள்ளயே தேம்பித் தேம்பி அழுதுச்சு." மூக்கை உறிஞ்சினார். "நீங்க வந்துட்டீங்க. ஒங்க எடம் ஒங்களுக்கு. தட்ட மட்டும் நான் குடுத்ததா இருக்கட்டும். அது போதும்."

இத்தனை வருடம் கழித்து அந்தத் தண்ணீர் விழுந்தது. அவள் அழுதாள் என்பது எனக்குத் தெரியாது. அழுதபோது பக்கத்தில் நின்றவர் யார் என்பது தெரியும்.

உள்ளே போனேன். பெட்டியைத் திறந்து துணிச்சுற்றலைப் பிரித்தேன். பாட்டிலைக் கொண்டுவந்து கூடத்தில், பத்துத் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கல்யாணத் தட்டுல பாட்டிலா?" என்று ஒரு சித்தி வாயைப் பொத்தினாள்.

"பழந்தானே சித்தி" என்றார் அத்தான். "பழத்தக் கொஞ்ச நாளு மூடி வெச்சிருக்காங்க, அவ்ளோதான்." பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, "என்னடா மாப்ள, சோயா கிச்சாப் பாட்டில் மாதிரி திருகு மூடி? இதுக்கா இவ்வளவு பில்டப்பு?" என்றார். சிரிப்பில் சித்தியும் சேர்ந்துகொண்டாள்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். "பதினோராவது தட்டு இது" என்றேன். "அண்ணன் சீரோட போகட்டும். நாளைக்கு அவரு மலர் கையப் புடிச்சிக் கூட்டியாரட்டும். நான் இந்தத் தட்டத் தூக்கிட்டுப் பின்னால வரேன்கா."

அக்கா நலங்குக் கிண்ணத்தில் இருந்த சந்தனத்தை விரலில் தொட்டு, பாட்டிலின் நடுவே அழுத்தி வைத்தாள். அதன்மேல் குங்குமம். லேபிளே இல்லாமல் கிடந்த பாட்டில். அதற்கும் ஒரு முகம் வந்தது. சுற்றிலும் வெற்றிலை அடுக்கி, மல்லிகைச் சரத்தைக் கழுத்தில் சுற்றினாள்.

வீரையாவிடம் யார் சொன்னார்களோ தெரியாது. கூடாரத்தில் திடீரென்று நாற்காலி சரியும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அடுக்கிய நாற்காலிகளின் நடுவே, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

6

சீர்த்தட்டு தூக்குவது பெண்கள் வேலை. பட்டுப்புடவை வரிசையின் கடைசியில் வேட்டி கட்டிய ஒரு நடுவயது ஆள், மல்லிகைப்பூ சுற்றிய பாட்டிலோடு நடந்துவந்ததை மலாக்கா மண்டபத்தில் எத்தனை பேர் படம் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. நாதஸ்வரம் உச்சத்தில் முழங்கியது. முன்னால் வீரையா, அவர் கையில் மலர். அவர் நடை சாரத்தின் மேல் நடக்கிறவர் நடை, ஒவ்வொரு அடியும் பார்த்துப் பார்த்து. மலரின் பின்னங்கழுத்தில் சின்னதாய் ஒரு மரு இருக்கிறது. காது குத்திய நாளில் என் மடியில் குனிந்தபோது பார்த்தது. மறந்தே போயிருந்தேன். கையைப் பிடித்து முன்னால் போயிருந்தால் இதைப் பார்த்திருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அது ஆறுதலுக்காக நினைத்ததா, உண்மையா என்று கேட்காதீர்கள். இரண்டும்தான். தட்டைத் தூக்கி நடந்த நேரம் முழுக்க ஒரு கை வெறுமையாக இருப்பதுபோல் வலித்தது.

சாயங்காலம் டின்னர். இப்போது நிஜமான ஆட்டுக்கறிப் பெரட்டல். எங்கள் மேசைக்குப் பாட்டிலைக் கொண்டுவந்து, சந்தனம் உதிராமல் மூடியைத் திருகினேன். வாசம் எழுந்தது: காய்ந்த ரோஜா, மிளகு, எல்லாவற்றுக்கும் அடியில் ஈர மண். முரட்டு மட்டாரோ இத்தனை வருடத்தில் பதமாகி, மற்ற இரண்டையும் தாங்கிக்கொண்டிருந்தது.

தாய்மாமனுக்குத்தான் முதல் பரிமாறல். முதல் கோப்பையை வீரையாவுக்கு ஊற்றினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இத எதோட சாப்புடணும் தம்பி?"

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒப்பிக்கிற பதில் நாக்கு நுனிவரை வந்தது. "நீங்க எதச் சாப்புடுறீங்களோ அதோட சாப்புடுங்கண்ணே."

கறியை வாயில் போட்டு, ஒரு மடக்குக் குடித்தார். கண்ணைச் சுருக்கினார். மரியாதைக்காக விழுங்கினார். பிறகு மெதுவாக, யாரும் பார்க்காத மாதிரி, மேசை நடுவே இருந்த ஐஸ் வாளியைப் பார்த்தார்.

அந்த வருடத்து வெயில், கடல்காற்று, உறைந்த திரை, அலமாரி அடியில் படுத்திருந்த காலம், எல்லாம் அந்தக் கோப்பையில் இருந்தன. இடுக்கியை எடுத்து, ஒரு கட்டியை அவர் கோப்பையில் போட்டேன். அவர் முகம் மலர்ந்தது. இன்னொன்றும் போட்டேன். அப்புறம் என் கோப்பையிலும் ஒன்று.

மாலையும் கழுத்துமாகப் பக்கத்தில் வந்து நின்ற மலர் சிரித்தாள். "அங்கிள், ஐஸ் போட்டா நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு அம்மா சொன்னாங்களே?"

"அது அங்கதாம்மா" என்றேன். "இங்க போடுவேன்."